விழித்திரை விலகலுக்கு வெளியிலிருந்து பட்டை வைப்பதா, விட்ரெக்டமி செய்வதா?

நீலவானம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு வயது 36. பள்ளி நாட்களிலிருந்தே கிட்டப்பார்வை உண்டு; இப்போது இரு கண்களுக்கும் மைனஸ் 8-க்கு மேல் கண்ணாடி அணிகிறார். கண்ணாடியின் அளவை மாற்றுவதற்காகப் பரிசோதனைக்குச் சென்றிருந்தார். கண்மணியை விரிய வைத்துப் பார்த்த மருத்துவர், வலக்கண்ணில் விழித்திரையின் கீழ்ப்புற வெளிப்பகுதி விலகியிருப்பதாகவும், அந்த இடத்தில் சிறிய வட்டத் துளைகள் இரண்டு இருப்பதாகவும், நேர்பார்வைக்குரிய நடுப்பகுதியான மேக்குலா மட்டும் இன்னும் ஒட்டியே இருப்பதாகவும் கூறினார். இடக்கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னபோதுதான், மூக்கை ஒட்டிய மேல்மூலையில் ஒரு மங்கல் நிழல் படிந்திருப்பதை அக்காவே உணர்ந்தார். நேராகப் பார்க்கும் பார்வையில் எந்தக் குறையும் இல்லை. எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்தார்.

இந்த வாரத்திற்குள் ஸ்க்லீரல் பக்கிள் என்னும், கண்ணின் வெளிச்சுவரில் பட்டை வைத்து அழுத்தும் அறுவையைச் செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அங்கே காத்திருந்த அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கும் இதே நோய்தான். அவருக்கு விட்ரெக்டமி என்னும், கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் என்ற கூழை அகற்றும் அறுவையைச் செய்து கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தார்கள். வீட்டிற்கு வந்து படித்துப் பார்த்தபோது, பக்கிள் என்பது எழுபது ஆண்டுகளுக்கும் மேலான பழைய முறை என்றும், இப்போது பெரும்பாலும் விட்ரெக்டமியே செய்யப்படுகிறது என்றும் இருந்தது. ஒரே நோய்க்கு ஏன் இரண்டு முறைகள்? அக்காவுக்குப் பழைய முறையைச் செய்வது சரிதானா, அல்லது வேறொரு மருத்துவரிடமும் கருத்துக் கேட்க வேண்டுமா? அவர் மிகவும் பயந்திருக்கிறார். நானும் அமைதியாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

ஒளிக்கீற்று எழுதியது:

நான் விழித்திரை அறுவை மருத்துவன். கண்ணை நேரில் பார்க்காமல் எவரும் முடிவு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆயினும் நீங்கள் தந்திருக்கும் விவரங்களைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியதும் பக்கிள்தான். வயது 36, அதிகக் கிட்டப்பார்வை, கீழ்ப்பக்கத்தில் வட்டத் துளைகள், கண்ணுக்குள் புரையில்லாத தெளிவான சொந்த லென்ஸ்: இவை ஒன்றுசேர்ந்த கண்ணுக்கு அந்த அறுவை இன்றும் முதல்தரமான தேர்வு. அது பழைய முறை என்பது உண்மை. ஆனால் உங்கள் மருத்துவர் அதைப் பரிந்துரைத்ததற்கு அதன் பழமை காரணமாக இருக்காது.

நோயின் இயல்பைப் புரிந்துகொண்டால் இந்தத் தேர்வு தானே விளங்கும். விழித்திரை தனக்குப் பின்னாலுள்ள நிறமிச் செல் அடுக்கோடு தைக்கப்பட்டிருக்கவில்லை. இடையில் சேரும் நீரை அந்தச் செல்கள் ஓயாமல் உறிஞ்சி வெளியேற்றுவதால்தான் அது ஒட்டி நிற்கிறது. துளை விழுந்துவிட்டால், கண்ணின் நடுவிலுள்ள விட்ரியஸின் நீர்த்த பகுதி அதன் வழியே உள்ளே நுழைகிறது. உறிஞ்சுவதைவிட நுழைவது அதிகமாகும்போது விழித்திரை எழும்பிவிடுகிறது. ஒளியை உணரும் செல்களுக்கு ஊட்டம் வருவது பின்னாலுள்ள கோராய்டு என்னும் இரத்தக்குழாய்ப் படலத்திலிருந்து. விலகிய விழித்திரைக்கு அந்த ஊட்டம் எட்டாது. அதிலும், நுண்ணிய பார்வைக்குரிய மேக்குலாவின் மையக்குழியில் விழித்திரைக்கென்று சொந்த இரத்தக்குழாய்களே கிடையாது. அது கோராய்டை மட்டுமே நம்பி வாழ்கிறது. ஆகையால்தான் நாங்கள் எல்லோரும் முதலில் கேட்பது, மேக்குலா ஒட்டியிருக்கிறதா என்பதையே. அது விலகிவிட்டால், மூன்று நாட்களுக்குள் அறுவை செய்யப்பட்ட கண்களில் பார்வை நன்றாகத் திரும்பும் வாய்ப்பு அதிகம். ஒரு வாரத்தைக் கடந்தால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். உங்கள் அக்காவுக்கு அது இன்னும் ஒட்டியிருக்கிறது. இப்போது காப்பாற்ற வேண்டியது அதைத்தான்.

துளையைக் கண்டுபிடித்து மூடினால்தான் விழித்திரை மீளும் என்பதை நிலைநாட்டியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய ஜூல் கோனான். அவருக்கு முன்பு இந்த நோய் வந்த கண்கள் ஏறக்குறைய எல்லாமே பார்வையை இழந்தன. 1920-களில் அவர் துளை இருக்கும் இடத்தைக் கண்ணின் வெளிப்புறத்தில் அளந்து குறித்து, அங்கே சூட்டால் தீய்த்து மூடினார். அதன் பின் வந்த முறைகள் யாவும் இந்த ஒரே நோக்கத்தை வெவ்வேறு வழிகளில் நிறைவேற்றுபவையே. 1949-இல் ஜெர்மனியைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் குஸ்டோடிஸ் கண்சுவரை வெளியிலிருந்து உள்நோக்கி அழுத்தும் பக்கிள் முறையைத் தொடங்கினார். 1970-இல் அமெரிக்காவின் மயாமியில் ராபர்ட் மாகெமர் கண்ணுக்குள் நுழைந்து விட்ரியஸை வெட்டி உறிஞ்சும் விட்ரெக்டமியைச் செய்தார்.

பக்கிள் அறுவையில் நாங்கள் கண்ணுக்குள் கருவி எதையும் நுழைப்பதில்லை. தேவைப்பட்டால் நீரை வடிப்பதற்காக மட்டும் கண்சுவரில் நுண்ணிய துளை ஒன்று இடுவோம். கண்ணை அசைக்கும் தசைகளுக்கடியில் நூல் கோத்து விழியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தலையில் அணிந்த ஒளிக்கருவியால் உள்ளே பார்த்தபடியே, வெளிப்புறத்தில் குளிர்முனையை வைத்து அழுத்துவோம். துளையின் விளிம்பு பனிபடர்ந்ததுபோல் வெளுக்கும் அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். குளிர் பட்ட இடம் பின்னர் தழும்பாகி ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தின்மேல் சிலிக்கான் துண்டு ஒன்றை விழிவெண்படலத்தில் தைத்து இறுக்கினால், கண்சுவர் உள்நோக்கிக் குவிந்து துளையைத் தொட்டு மூடும். துளை மூடியபின், எஞ்சிய நீரை நான் முன்பு சொன்ன நிறமிச் செல்களே உறிஞ்சிவிடும்.

விட்ரெக்டமியில் கருவிழி ஓரத்திலிருந்து 3.5 அல்லது 4 மில்லிமீட்டர் தள்ளி மூன்று நுண்துளைகள் இட்டு, விழித்திரையை இழுக்கும் விட்ரியஸை அகற்றி, விழித்திரைக்குப் பின்னுள்ள நீரையும் உறிஞ்சி, துளையைச் சுற்றி லேசர் இட்டு, பின் வாயுவையோ சிலிக்கான் எண்ணெயையோ நிரப்புகிறோம். லேசர் இட்ட இடம் உறுதியாக ஒட்ட ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை துளையை உள்ளிருந்து அடைத்து நிற்பது வாயுக்குமிழின் வேலை. இங்கேதான் உங்கள் அக்காவின் கண் வேறுபடுகிறது. கொத்தனார் வைக்கும் ரசமட்டத்தின் குமிழைப் போல, கண்ணுக்குள் இருக்கும் வாயுவும் எப்போதும் மேல்பக்கமே ஏறி நிற்கும். மேல்பக்கத்துக் கிழிசலை அது அருமையாக அடைக்கும். கீழ்ப்பக்கத்துத் துளையை எட்டுவதற்கோ நோயாளி நாள்கணக்கில் தலையைச் சிரமமான நிலையில் வைத்திருக்க வேண்டும். பக்கிளுக்கு மேல் கீழ் என்ற வேறுபாடே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அது இதைவிட முக்கியமானது என்பது என் கருத்து. இளம் வயதில் விட்ரியஸ் விழித்திரையோடு இறுகப் பற்றியிருக்கும். அதை உரித்தெடுப்பது கடினம். உரிக்கும்போதே புதிய கிழிசல்கள் விழக்கூடும். அறுபதைக் கடந்தவர்களுக்கு அது பெரும்பாலும் தானே விலகியிருக்கும், சொல்லப்போனால் அப்படி விலகும்போது இழுத்ததனால்தான் அவர்களுடைய விழித்திரை கிழிந்தே இருக்கும். மேலும், விட்ரெக்டமிக்குப் பின் சொந்த லென்ஸில் புரை விழுவது மிகவும் பொதுவானது. முதியவருக்கு அது பெரிய இழப்பன்று, பலருக்குப் புரை அறுவை முன்பே முடிந்திருக்கும். 36 வயதில் லென்ஸை இழந்தால், கிட்டத்தையும் தூரத்தையும் மாற்றிமாற்றிக் குவிக்கும் இயல்பான ஆற்றல் போய்விடும். சொந்த லென்ஸ் உள்ள கண்களில் இரு முறைகளையும் ஒப்பிட்டு ஐரோப்பாவில் நடத்தி 2007-இல் வெளியிட்ட பெரிய ஆய்விலும், பக்கிள் செய்யப்பட்டவர்களின் பார்வையே சற்று மேம்பட்டிருந்தது.

இரண்டாவது கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. நல்ல மருத்துவர் எவரும் அதற்கு வருந்தமாட்டார். ஆனால் அதைக் காரணமாக்கி அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். கீழ்ப்பக்கத்து விலகல் மெதுவாகவே பரவும் என்பதால்தான் உங்களுக்குச் சில நாட்கள் கிடைத்திருக்கின்றன.

---

வளர்பிறை எழுதியது:

எனக்கு விட்ரெக்டமி செய்து வாயு நிரப்பினார்கள். மருத்துவர் விளக்கியதற்குமேல் மருத்துவமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அந்தப் பெரியவரைப் பார்த்து உங்கள் அக்கா அஞ்சியிருக்கக்கூடும் என்பதால், வாயு நிரப்பிய கண் எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிறேன்.

கட்டைப் பிரித்த அன்று, கையசைவைத் தவிர வேறெதுவும் தெரியாது. அறுவை தோற்றுவிட்டது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் வாயுவின் ஊடாகப் பார்த்தால் எவருக்கும் அப்படித்தான் இருக்கும். பிறகு ஒரு நாள் பார்வையின் மேல்விளிம்பில் மெல்லிய தெளிவு தோன்றும். அதற்கும் கீழுள்ள மங்கலுக்கும் இடையே ஒரு கோடு, தலையை ஆட்டினால் தளும்பும். கண்ணுக்குள் வாயு மேலே இருந்தாலும் நமக்குத் தெரியும் காட்சியில் அது கீழே இருப்பதாகவே தோன்றும் என்று விளக்கினார்கள். நாளாக ஆக அந்தக் கோடு தாழ்ந்துகொண்டே போகும். முடிவில் கீழ்விளிம்பில் ஒரு சிறு வட்டமாக உருண்டு, ஒரு காலையில் அதுவும் இல்லாமற்போகும்.

எல்லோரும் குப்புறத்தான் படுக்க வேண்டும் என்பது தவறான எண்ணம். எனக்குக் கிழிசல் வலக்கண்ணின் வெளிப்பக்கத்தில் இருந்தது. ஆகவே இடக்கன்னம் தலையணையில் படும்படி, இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொன்னார்கள். அப்படிப் படுத்தால் கிழிசல் இருக்கும் பக்கம் மேலே வந்துவிடும், குமிழும் அங்கே போய் நிற்கும். மல்லாந்து படுக்க மட்டும் எவரையும் விடுவதில்லை. குமிழ் லென்ஸை ஒட்டி நின்று புரையை விரைவுபடுத்தும், கண் அழுத்தத்தையும் கூட்டலாம் என்பார்கள். தலையை எந்தப் பக்கமாக, ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம், எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பதை மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. உடனிருப்பவர்கள் அதைச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டால், நள்ளிரவில் விழித்தெழும்போது எந்தப் பக்கம் என்ற குழப்பம் வராது.

---

தெளிநீர் எழுதியது:

நான் பொதுக் கண் மருத்துவர், விழித்திரைச் சிறப்பு மருத்துவர் அல்லர். இரண்டு முறைகளைப் பற்றி மட்டுமே பேசப்படுகிறது. மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. அறுவை அரங்குக்கே போகாமல், கண்ணுக்குள் ஊசியால் சிறிதளவு வாயுவைச் செலுத்தி, குளிர்முனையாலோ லேசராலோ கிழிசலைச் சுற்றி ஒட்டும் முறை 1986 முதல் வழக்கில் உள்ளது. கனடாவின் டொராண்டோவில் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இம்முறையில் ஓராண்டு முடிவில் பார்வைத் திறன் விட்ரெக்டமியைவிட மேலாக இருந்தது, நேர்கோடுகள் வளைந்து தெரியும் தொல்லையும் குறைவாக இருந்தது. ஆனால் முதல் முயற்சியிலேயே விழித்திரை ஒட்டிக்கொண்டது ஏறத்தாழ 81 விழுக்காட்டினருக்குத்தான்; விட்ரெக்டமியில் அது 93 விழுக்காடு. இவ்வளவு எளிய வழி ஒன்று இருக்க, அது நோயாளிகளிடம் குறிப்பிடப்படாமலேயே போவது எனக்கு வருத்தமளிக்கிறது. நீலவானம் அவர்கள் இதைப் பற்றியும் கேட்டுப் பார்க்கலாம் அல்லவா?

---

ஒளிக்கீற்று எழுதியது:

தெளிநீர் அவர்கள் சொல்வது நியாயமான குறை. மேல்பக்கத்தில் ஒரே கிழிசல், தலைநிலையைத் தவறாமல் கடைப்பிடிக்கக்கூடிய நோயாளி என்றால், நானே அதை முதலில் எடுத்துச் சொல்கிறேன். அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களும் அத்தகையவர்களே: விலகிய பகுதியின் கிழிசல்கள், கண்ணைக் கடிகார முகப்பாக எண்ணினால், 8 மணிக்கும் 4 மணிக்கும் இடைப்பட்ட மேல்பகுதியில், ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்தன. கீழ்ப்புறத் துளைகளுக்கு, விட்ரெக்டமியில் வாயு நிரப்புவதற்கு நான் சொன்ன அதே தடை இங்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும், ஏனெனில் குமிழ் சிறியது. இந்த நோயாளிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

---

ஆழ்துயில் எழுதியது:

மயக்க மருத்துவத் துறையிலிருந்து ஓர் எச்சரிக்கை. உங்கள் அக்காவுக்கு வாயு நிரப்பப் போவதில்லை என்றாலும், அறுவையின் நடுவே தேவைப்பட்டுச் சிறிதளவு வாயு செலுத்தப்படுவதுண்டு. ஆகவே கண்ணில் வாயு இருக்கிறதா, எந்த வாயு, எத்தனை நாள் இருக்கும் என்பதைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். வெறும் காற்று ஒரு வாரத்திற்குள் கரைந்துவிடும். சல்பர் ஹெக்சாஃபுளோரைடு ஏறத்தாழ இரண்டு வாரமும், பெர்ஃபுளோரோபுரொப்பேன் ஏறத்தாழ இரண்டு மாதம் வரையும் தங்கும்.

அந்தக் காலத்தில் விமானப் பயணம் கூடாது. உயரமான மலைப்பாதைகளும் கூடாது. பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்காகக் குறைந்துவிடும்; கண்ணுக்குள் அடைபட்ட வாயு அந்த அளவுக்கு விரிய முயலும், ஆனால் விரிய இடமில்லாததால் கண் அழுத்தம் எகிறிவிடும். விழித்திரைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியே அடைபட்டுப் பார்வை நிரந்தரமாகப் போகலாம்.

எங்கள் துறையில் நாங்கள் மிகவும் அஞ்சுவது நைட்ரஸ் ஆக்சைடை. விபத்தோ மகப்பேறோ பல் சிகிச்சையோ எதுவாக இருந்தாலும், கண்ணில் வாயு இருப்பது தெரியாமல் அதைக் கொடுத்துவிட்டால், அது இரத்தத்தின் வழியே குமிழுக்குள் புகுந்து சில நிமிடங்களில் அதைப் பெருக்க வைத்துவிடும். இதற்காகவே வாயு நிரப்பியவர்களின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். வாயு முற்றிலும் போய்விட்டது என்று கண் மருத்துவர் சொல்லும்வரை அதை அவிழ்க்கக் கூடாது. குளிக்கும்போது உறுத்துகிறது என்று வெட்டி எறிந்துவிட்டு வருபவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பதைப்பாக இருக்கிறது.

---

நீலவானம் எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஒளிக்கீற்று அவர்களின் பதிலை அக்காவுக்கு முழுவதுமாகப் படித்துக்காட்டினேன். வேறு கருத்துக் கேட்கப் போவதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். நாளை மறுநாள் அறுவை. அவர் கேட்கச் சொன்ன கேள்விகள் மூன்று. அந்தச் சிலிக்கான் துண்டு பிறகு எடுக்கப்படுமா? அறுவை முடிந்தவுடன் அந்த நிழல் மறைந்துவிடுமா? இடக்கண்ணுக்கும் இது வருமா?

---

ஒளிக்கீற்று எழுதியது:

அந்தத் துண்டு வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருக்கும். வெளியில் தெரியாது, தொட்டாலும் புலப்படாது. தொற்று ஏற்பட்டாலோ மேலுறையைத் துளைத்துக்கொண்டு வெளிவந்தாலோ மட்டுமே எடுக்க நேரிடும், அது அரிது. முதல் சில வாரங்களுக்கு இமை வீங்கியிருக்கும், கண்ணைத் திருப்பினால் வலிக்கும். விட்ரெக்டமி செய்துகொண்டவர்களைவிட இந்த வலி கூடுதல் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிலருக்குத் தசைகள் இயல்புக்கு வரும்வரை உருவங்கள் இரண்டாகத் தெரியும். கண்ணைச் சுற்றி முழுப்பட்டை போடப்பட்டால் கண்ணின் நீளம் சற்றுக் கூடுவதால், கிட்டப்பார்வை மேலும் 2 அல்லது 3 டையாப்டர் ஏறக்கூடும். ஒரு பகுதியில் மட்டும் துண்டு வைத்தால் அவ்வளவு ஏறாது. புதிய கண்ணாடிக்கு இரண்டு மூன்று மாதம் பொறுத்திருப்பது நல்லது.

நிழல் உடனே மறையாமல் போகலாம். இளம் வயதில், வட்டத் துளைகளால் மெதுவாகச் சேர்ந்த நீர் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். துளை சரியாக மூடியிருந்தாலும், அந்த நீர் முழுவதும் வற்றச் சில மாதங்கள்கூட ஆவதுண்டு. நிழல் சுருங்கிவருகிறதா என்பதே கவனிக்க வேண்டியது. பெரிதாகிறது என்றால் அன்றே வரவேண்டும்.

முதல் அறுவையிலேயே விழித்திரை ஒட்டிக்கொள்வது பத்தில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு. தேவைப்படும் மறு அறுவைகளையும் சேர்த்துக்கொண்டால் 95 விழுக்காட்டைத் தாண்டிவிடும். தோல்விக்குத் தலையாய காரணம், குணமாகும் முயற்சியில் செல்கள் பெருகி விழித்திரையின்மேல் தழும்புச் சவ்வாகப் படர்ந்து அதைச் சுருக்கி இழுப்பதுதான். இது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் தலைகாட்டும். ஆகவே கண் நன்றாகத் தெரிகிறது என்று எண்ணி மறுபரிசோதனைகளை விட்டுவிட வேண்டாம். அப்படி நேர்ந்தால் விட்ரெக்டமி செய்து சவ்வை உரித்து, பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய் நிரப்புவோம். வாயுவைப் போல அது தானே கரையாது, சில மாதங்களுக்குப் பின் இன்னொரு அறுவையால் வெளியே எடுக்க வேண்டும்.

இடக்கண்ணைப் பற்றி அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. ஒரு கண்ணில் விலகல் வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மறுகண்ணிலும் வருகிறது. கிட்டப்பார்வை அதிகமாக இருப்பவர்களுக்கு விழித்திரையின் ஓரம் வலைபோல் மெலிந்திருப்பதும், அதற்குள் வட்டத் துளைகள் இருப்பதும் இரு கண்களிலும் காணப்படுவது வழக்கம். நாளை மறுநாளுக்கு முன்பே இடக்கண்ணின் ஓரத்தையும் கண்மணியை விரித்து முழுச் சுற்றும் பார்த்தார்களா என்று கேளுங்கள். துளைகள் இருந்து, சுற்றிலும் நீர் சேராமலிருந்தால், புறநோயாளியாகவே அமர்ந்து லேசர் இட்டுக்கொள்ளலாம். எல்லாத் துளைக்கும் லேசர் தேவையில்லை என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. மறுகண்ணில் ஏற்கெனவே விலகல் வந்தவருக்கு நான் இடுவேன்.

அறுவை முடிந்து வீடு திரும்பியபின், மாத்திரைக்கு அடங்காத வலியும் வாந்தியும் சேர்ந்து வந்தாலோ, சீழ் கசிந்தாலோ, பார்வை திடீரென இறங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த இரவிலேயே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசிவிட்டுக் கிளம்புங்கள்.